கொலைக் குற்றச்சாட்டில் சிறார்: வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞரின் பதில்கள்

கேள்வி: பதினாறு வயதுப் பையன் கொலை செய்தால், பெரியவர்களைப் போலவே அவனையும் விசாரிப்பார்களா?

தானாக அப்படி நடக்காது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இளைஞர் நீதிச் சட்டப்படி, 16 வயது நிறைந்து 18 நிறையாத ஒருவர்மீது கொடுங்குற்றச்சாட்டு எழுந்தால், இளைஞர் நீதிக் குழுமம் மூன்று மாதங்களுக்குள் முதற்கட்ட மதிப்பீட்டை முடிக்க வேண்டும். விளைவை உணரும் திறன் அவருக்கு இருந்ததா, பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று பார்ப்பதே இந்த மதிப்பீடு. குழுமம் வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பிவைத்தாலும், அந்த நீதிமன்றம் அதை மீண்டும் சீர்தூக்கிப் பார்த்தே முடிவெடுக்கும். ஒரு திருத்தம்: "கொலை செய்தால்" என்று எழுதாதீர்கள், "கொலை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டால்" என்று எழுதுங்கள். குற்றச்சாட்டு வேறு, குற்றம் வேறு.

கேள்வி: பதினைந்து வயது என்றால்?

அனுப்ப முடியாது. குழுமமே விசாரிக்கும், சிறாருக்கான சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். சம்பவம் நடந்த நாளில் இருந்த வயதே கணக்கு.

கேள்வி: கொலை செய்யத் தெரிந்தவனுக்கு அதன் விளைவு தெரியாதா? மதிப்பீடு என்பதே கண்துடைப்பு அல்லவா?

இந்த வாதத்தை வாரந்தோறும் கேட்கிறேன். செயலின் கொடுமையை வைத்துச் செய்தவரின் முதிர்ச்சியை அளக்கப் பார்ப்பதே இதிலுள்ள பிழை. கொல்வது தவறு என்பது எட்டு வயதுக் குழந்தைக்கும் தெரியும். நண்பர்கள் சூழ்ந்து நிற்க, சண்டை முற்றிய அந்த நொடியில், அடுத்து நடக்கப்போவதை எண்ணிப் பார்த்துத் தன்னை நிறுத்திக்கொள்ளும் ஆற்றல் அந்தப் பையனுக்கு எவ்வளவு இருந்தது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. இதை அளப்பது நுட்பமான வேலை என்பதால்தான், குழந்தை உளவியல் பயின்று தொழில் செய்யும் உறுப்பினர் குழுமத்தில் இல்லாவிட்டால் வல்லுநரின் உதவி கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது.

நடைமுறையில் நான் கண்ட அறிக்கை ஒன்று முக்கால் பக்கம்தான். "கத்தியால் குத்தினால் ஆள் இறந்துவிடுவான் என்று தெரியுமா?" என்ற கேள்விக்குத் "தெரியும்" என்று பையன் பதில் சொல்லியிருந்தான். அதன்கீழ், "விளைவை உணரும் திறன் உள்ளது" என்று ஒரே வரி. அரை மணி நேரப் பேச்சில் அவனுடைய அடுத்த இருபது ஆண்டுகள் தீர்மானிக்கப்பட்டுவிட்டன.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. முதற்கட்ட மதிப்பீடு விசாரணை அல்ல என்று சட்டமே சொல்கிறது. ஆனால் எந்தச் சூழலில் குற்றம் நடந்தது என்பதையும் அதே மதிப்பீட்டில் ஆராயச் சொல்கிறது. "நான் அங்கே இல்லை" என்று மறுக்கும் சிறுவன் இதற்கு என்ன பதில் சொல்வான்? விவரித்தால் அது வாக்குமூலமாகத் தொனிக்கும். மறுத்தால் மதிப்பிட எதுவுமில்லை. நிரூபிக்கப்படாத ஒன்றை நடந்ததாக வைத்துக்கொண்டு ஒருவரின் மனத்தை அளப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மறுபடியும் சொல்கிறேன்: குற்றச்சாட்டு வேறு, குற்றம் வேறு. மூன்று ஆண்டுகள் போதவில்லை என்றால் சிறார் அமைப்புக்குள்ளேயே காலத்தை நீட்டலாம். பிள்ளையைப் பெரியவர் என்று அறிவிக்க வேண்டியதில்லை.

கேள்வி: என் தம்பியைக் கொன்ற வழக்கில் கைதானவனுக்குப் பதினேழு வயது. எங்கள் பக்கத்தை யார் கேட்பார்கள்?

உங்கள் இழப்புக்கு எந்தச் சட்டப் பிரிவும் ஈடாகாது. வழக்கறிஞர் மூலம் உங்கள் தரப்பைக் குழுமத்தின் முன்பும் நீதிமன்றத்திலும் எழுத்துமூலம் வையுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: தூக்கு தண்டனை உண்டா?

கிடையாது. விடுதலைக்கே வாய்ப்பில்லாத ஆயுள் தண்டனையும் கூடாது.

கேள்வி: மேலை நாடுகளில் சிறுவர்களையும் பெரியவர்களைப் போல விசாரிக்கிறார்களே, நாம் ஏன் தயங்க வேண்டும்?

அங்கே நடந்ததை முழுதாகப் படித்துவிட்டுக் கேளுங்கள். இங்கிலாந்தில் 1993இல் ஒரு குழந்தையின் கொலைக்காகப் பதினோரு வயதுச் சிறுவர் இருவர் பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். அவர்களுக்குப் பார்வை எட்டட்டும் என்று கூண்டின் தரையை உயர்த்தினார்கள். அதனால் அரங்கமே தங்களை உற்றுப் பார்ப்பதாக அவர்கள் கூசிப்போனதுதான் மிச்சம். நடப்பதைப் பின்தொடர முடியாத ஒருவன், மனத்துக்குள் எண்ணிக்கொண்டும் காலணியால் தரையில் உருவங்கள் செய்துகொண்டும் பொழுதைக் கழித்தான். அது நியாயமான விசாரணை அன்று என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஜார்ஜ் ஸ்டின்னி என்ற பதினான்கு வயதுச் சிறுவன் 1944இல், கைதான மூன்று மாதங்களுக்குள் மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டான். அந்தத் தீர்ப்பு எழுபது ஆண்டுகள் கழித்து ரத்தானது. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2005இல்தான் சொன்னது.

கேள்வி: கைதான சிறுவனின் படமும் பெயரும் கைப்பேசிக்கு வந்தன. உங்களுக்கும் அனுப்பியுள்ளேன், மற்றவர்களுக்கு அனுப்பலாமா?

எனக்கே அனுப்பியிருக்கக் கூடாது. உடனே அழித்துவிடுங்கள். வழக்கில் சிக்கிய சிறாரின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் தெரியாது என்பது சாக்காகாது. குற்றச்சாட்டு வேறு, குற்றம் வேறு என்று நான் ஓயாமல் எழுதுவது இதற்காகத்தான்.

கேள்வி: மகனின் வயதை நிரூபிக்க மருத்துவப் பரிசோதனை கேட்கலாமா?

அது கடைசி வழி. முதலில் பள்ளிப் பிறப்புத் தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அவை இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பு தந்த பிறப்புச் சான்றிதழ். எதுவுமே இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை, அதிலும் ஓரிரு ஆண்டு முன்பின் வரும். இறுதித் தீர்ப்புக்குப் பிறகும்கூட வயது குறித்த கோரிக்கையை எழுப்பலாம். ஆனாலும் முதல் நாளே மூலச் சான்றிதழுடன் குழுமத்துக்குப் போங்கள்.