வெள்ளி பார்க்கும் இரவுகள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், ஆடி அமாவாசை இரவில் நெடுந்தீவுக் கரையிலிருந்து பார்த்த பால்வீதியைப் பற்றியும், அப்படிப்பட்ட இருட்டு நம் ஊர் வானத்துக்கும் திரும்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கடிதங்களுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். முதற்கடிதம் என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. அதற்குரிய பதில் நீண்டிருந்தால் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: 1990களில் போரினால் மின்சாரம் இல்லாதிருந்த காலத்தில் முற்றத்தில் பாயை விரித்துப் படுத்தால், வானம் கொள்ளாத அளவுக்கு வெள்ளிகள் (விண்மீன்கள்) தெரியும். இன்று அதே முற்றத்தில் நின்று எண்ணினால் ஐம்பதைத் தாண்டவில்லை. பழுது என் கண்ணிலா, வானத்திலா? இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த இருட்டு எங்களுக்குத் தந்தது பயத்தைத்தான். அதை ஏன் திரும்பக் கேட்கிறீர்கள், ஐயா?
– வாசகி, சுன்னாகம்

பதில்: வயது ஏறும்போது கண்மணி இருட்டில் முன்போல் விரிவதில்லை என்பது உண்மை. ஆனாலும் பழுதின் பெரும்பங்கு வானத்தின் பக்கந்தான். தெருவிளக்கிலிருந்தும் கடைவாசல் விளக்கிலிருந்தும் மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் சிதறும் ஒளி, காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுத் திரும்பி வந்து, வானம் முழுவதற்கும் ஒரு மங்கலான வெளிச்சத் திரையை இழுத்துவிடுகிறது. வெள்ளிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. திரையைவிட மங்கலானவை மட்டும் அதற்குள் மறைந்துபோகின்றன. மஞ்சள் வெளிச்சத்தைவிட நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் காற்றில் அதிகம் சிதறும். பழைய மஞ்சள் விளக்குகளைக் கழற்றிவிட்டுக் கண்ணைக் கூச வைக்கும் வெள்ளை எல்.ஈ.டி. விளக்குகளைப் பூட்டிய ஊர்களில், செலவாகும் மின்சாரம் குறைந்தும் வானம் கூடுதலாக வெளிறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

2011 முதல் 2022 வரை உலகெங்கும் தன்னார்வலர்கள் வெறுங்கண்ணால் பார்த்துப் பதிந்த ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட குறிப்புகளை ஆராய்ந்து, 2023ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியானது. இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடிவந்திருக்கிறது என்பது அதன் முடிவு. இக்குறிப்புகளிற் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எடுக்கப்பட்டவை. ஆகையால் இதே எண்ணைச் சுன்னாகத்துக்கு அப்படியே பொருத்த மாட்டேன். நீங்கள் முற்றத்தில் நின்று எண்ணிய கணக்கும் அந்தத் தன்னார்வலர்கள் செய்த வேலைக்குச் சற்றும் குறைந்ததன்று.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஜாம் போத்தலுக்குள் பஞ்சைத் திணித்துச் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கடியில் படித்தவர்களுள் நானும் ஒருவன். வெள்ளிகளைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த அதே காதுகள் விமானத்தின் இரைச்சலுக்கும் கூர்ந்திருந்தன. அந்த இருட்டை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. அது நம்மீது போர்த்தப்பட்டது. மின்சாரம் திரும்பி வந்த நாளில் ஊர் முழுவதும் விளக்குகளை ஏற்றிவைத்து மகிழ்ந்ததை நான் மறக்கவில்லை. அந்த மகிழ்ச்சியிலிருந்து ஒரு துளியையும் குறைக்கும்படி எவரையும் கேட்கவும் மாட்டேன். நான் கேட்பது வேறு. ஒழுங்கையிலும் கிணற்றடியிலும் படலையடியிலும் வெளிச்சம் தாராளமாக இருக்கட்டும். பனை வட்டுக்கு மேலே போகும் வெளிச்சம் யாருக்கு? அதற்கும் நாமே கட்டணம் செலுத்துகிறோம்; அதனால் ஒருவருடைய பயமும் தீரவில்லை. பயமில்லாமல் முற்றத்தில் படுத்து வானத்தைப் பார்க்கும் இரவு நம் பிள்ளைகளுக்குத்தான் முதன்முதலாக வாய்த்திருக்கிறது. அவர்கள் அண்ணாந்து பார்க்கும்போது அங்கே வெள்ளிகள் இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

கேள்வி: விளக்கைக் குறைத்தால் களவு கூடும். பாம்பு, பூச்சிக்கும் யார் பொறுப்பு?
– வாசகர், கொடிகாமம்

பதில்: இங்கிலாந்திலும் வேல்சிலும் 62 உள்ளூராட்சிப் பகுதிகளில், தெருவிளக்குகளை நள்ளிரவுக்குப் பின் அணைத்தும் மங்கலாக்கியும் பார்த்ததன் விளைவை ஆராய்ந்து 2015இல் வெளியான கட்டுரை, அதனால் விபத்தோ குற்றமோ கூடியதற்குச் சான்று இல்லை என்கிறது. அந்த நாட்டு வீதிகள் வேறு, வேலிக்கு வேலி வளைந்து போகும் நம் ஒழுங்கைகள் வேறு என்பதால், இதைக் காட்டி உங்கள் ஊர் விளக்கை அணைக்கச் சொல்ல மாட்டேன். இன்றிரவே ஒன்றைச் செய்து பாருங்கள். வீட்டு முகப்பில் நேராகக் கண்ணில் அடிக்கும் விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு வேலியடியைப் பாருங்கள். மறைக்கும் முன் தெரியாமலிருந்த மூலைகள் தெரியத் தொடங்கும். கூசும் விளக்கு கண்மணியைச் சுருக்கி, நிழலை இன்னும் கருமையாக்குகிறது. அந்த நிழல்தான் கள்ளனுக்கும் பாம்புக்கும் வசதி. விளக்கின் மேலும் பக்கங்களிலும் தகர மூடி ஒன்றைப் பொருத்தி, வெளிச்சம் நிலத்தில் மட்டும் விழும்படி செய்தால், குறைந்த வாற்று மின்குமிழே போதும். வாங்கும்போது பெட்டியில் 3000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் காட்டும் எண்; குறையக் குறைய மஞ்சள்) அல்லது அதற்குக் குறைவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 2700 இன்னும் நன்று. ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் எரியும் விளக்கு, விடியும்வரை எரியும் விளக்கைவிடக் கள்ளனைத் திடுக்கிட வைக்கும் என்பது என் எண்ணம்.

கேள்வி: எங்கள் தீவு இருட்டாக இருப்பது வசதி குறைந்ததனால். நீங்கள் குறிகாட்டுவானிலிருந்து படகேறி வந்து அதைப் புகழ்ந்துவிட்டுப் போகிறீர்கள். எங்களுக்கு அதனால் என்ன பயன்?
– வாசகர், நெடுந்தீவு

பதில்: உங்கள் கோபத்தை ஏற்றுக்கொள்கிறேன். சென்ற இதழில் நான் இதைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும். வைத்தியசாலைக்கும் இறங்குதுறைக்கும் வீடுகளுக்கும் வேண்டிய மின்சாரம் கிடைப்பதுதான் முதல் வேலை. அதற்குப் பிறகே வானம். ஆனால் விளக்குகள் வரும்போது எப்படி வரவேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானிக்கும் வாய்ப்பு, யாழ்ப்பாண நகரம் இழந்துவிட்ட அந்த வாய்ப்பு, உங்களுக்கு இன்னும் இருக்கிறது. இந்தியாவின் லடாக்கில் உள்ள ஹன்லே என்னும் சிற்றூரும் அதன் சுற்றுப்புறமும் 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. அங்கே ஊரவர்களுக்கே தொலைநோக்கியைக் கையாளப் பயிற்சி கொடுத்து, வருவோருக்கு வானத்தைக் காட்டுபவர்களாக ஆக்கினார்கள். தங்குமிடமும் சாப்பாடும் ஊரவர் வீடுகளில் கிடைக்கின்றன. நெடுந்தீவின் தெற்கே கண்ணுக்கெட்டிய தூரம் கடல்தான். வைகாசி நடுவில் இரவு ஒன்பது மணியளவில், தென்சிலுவை என்னும் நான்கு வெள்ளிகளும் அந்தக் கடலுக்கு மேலே, கையை நீட்டி முட்டி பிடித்தால் ஏறத்தாழ இரண்டு முட்டி உயரத்தில் நிற்கும். இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ விடுமுறைக்கு வரும் நம் உறவினர்கள் அதைத் தங்கள் ஊரில் ஒருநாளும் பார்க்க முடியாது. அவர்களுக்கு அதைக் காட்டிக் கூலி பெறுபவர் தீவின் பிள்ளையாகவே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

கேள்வி: கோயில் திருவிழாச் சோடனை விளக்குகளும் குற்றமா?
– வாசகர், மாவிட்டபுரம்

பதில்: இல்லை. பத்தோ இருபத்தைந்தோ நாட்களுக்கு எரியும் சோடனை, விழாவோடு அணைந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் விடியும்வரை கோபுரத்தின் கீழிருந்து வானத்தை நோக்கி அடிக்கும் பெருவிளக்குகளைப் பற்றியே எனக்குக் கவலை. அவற்றை அர்த்தசாமப் பூசை முடிந்ததும் அணைப்பதற்கு ஆகம விதி எதுவும் தடையில்லை.

கேள்வி: எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் முப்பது பேரை ஓர் இரவு வானம் பார்க்க அழைத்துச் செல்ல விரும்புகிறேன். தொலைநோக்கி இல்லை. எங்கே, எப்போது போகலாம்?
– ஆசிரியை, வடமராட்சி கிழக்கு

பதில்: தொலைநோக்கி இல்லாதது குறையே அன்று. முப்பது பேர் ஒரு தொலைநோக்கிக்கு வரிசையில் நின்றால், வானத்தைப் பார்ப்பவர் ஒருவர், முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்ப்பவர் இருபத்தொன்பது பேர். பால்வீதிக்கு வெறுங்கண்ணே சிறந்தது. யாரிடமாவது ஏழுக்கு ஐம்பது (7x50) என்று எழுதிய இருகண்நோக்கி இருந்தால் அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மணற்காட்டு மணல்மேடுகள் உங்களுக்கு அருகில்தான் உள்ளன.

நாளைப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள். அமாவாசைக்கு முன்னும் பின்னும் மூன்று நான்கு நாட்கள் நல்லவை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வாடைக்காற்றோடு வரும் மழைமுகில் நம்மை ஏமாற்றிவிடும். மாசி, பங்குனியில் வானம் தெளிவு. அப்போது முன்னிரவில் திருவாதிரை வெள்ளியையும், தெற்கே அகத்தியர் வெள்ளியையும், மேற்கே சாயும் கார்த்திகை என்னும் வெள்ளிக் கூட்டத்தையும் காட்டலாம். பால்வீதியின் நடுப்பகுதியைக் காட்டுவதானால் ஆடி மாதந்தான். பகலில் கீரிமலையில் பிதிர்க்கடன் முடித்த அதே அமாவாசையின் இரவில், ஒன்பது, பத்து மணிக்குத் தெற்கு வானத்தின் நடு உயரத்தில் அது தடித்துக் கிடக்கும்.

கண் இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் செல்லும். ஒருவர் கைத்தொலைபேசியை ஒருமுறை திறந்தாலும் அவருடைய கணக்கு மீண்டும் தொடக்கத்துக்குப் போய்விடும். ஆகையால் கைத்தொலைபேசிகளை ஒரு பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். டோர்ச் லைட்டின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றுங்கள். சிவப்பு வெளிச்சம் கண்ணின் பழக்கத்தை அதிகம் கெடுக்காது. மாசி, பங்குனியில் போனால், பிறகு ஒவ்வொரு பிள்ளையும் கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை வெள்ளி தெரிகிறது என்று எண்ணி எழுதட்டும். பழந்தமிழர் அதை அறுமீன் என்றனர்; நல்ல இருட்டில் கூர்ந்த கண் ஆறுக்கு மேலும் எண்ணும். திகதியையும் இடத்தையும் சேர்த்து ஊர் வாசிகசாலையில் ஒரு கொப்பியில் பதிந்து, ஆண்டுதோறும் அதே மாத அமாவாசையில் மீண்டும் எண்ணச் செய்யுங்கள். தெருவிளக்குகளுக்கு மூடி போடும்படி பிரதேச சபையிடம் கேட்கப் போகும் நாளில், அந்தக் கொப்பியைவிட வலுவான மனு வேறில்லை.

கேள்வி: கலியாணத்தில் பகலில் அருந்ததி காட்டுகிறார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் எனக்கும் காட்டினார்கள், தலையாட்டினேன். உண்மையில் அது எங்கே இருக்கிறது?
– வாசகர், கரவெட்டி

பதில்: வைகாசி மாத இறுதியில் இரவு ஒன்பது மணிக்கு வடக்குப் பார்த்து நில்லுங்கள். வானத்தின் பாதி உயரத்தில் ஏழு வெள்ளிகள் அகப்பை போலத் தெரியும். அவையே சப்தரிஷி மண்டலம். காம்பிலுள்ள மூன்று வெள்ளிகளுள் நடுவிலிருப்பவர் வசிட்டர். அவரை ஒட்டி மங்கலாக ஒரு புள்ளி தெரிகிறதா? அதுதான் அருந்ததி. அங்கிருந்து ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆகின்றன. தெருவிளக்கின் கூச்சம் படாத இடமாகப் பார்த்து, உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.