சோதனைகள் தேறிய நிரலில் எதைத் தேடுவது?

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் இணைய இணைப்புகளைக் குறியாக்கிப் பாதுகாக்கும் டிஎல்எஸ் 1.3 நெறிமுறையைச் சி மொழியில் புதிதாக எழுதியிருக்கிறார். அவர் எழுதிய சோதனைகள் அனைத்தும் தேறிவிட்டன. கோட் ரிவ்யூ என் பொறுப்பு; குறியாக்கக் கணிதம் எனக்குத் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கணிதம் தெரியாததை எண்ணித் தயங்காதீர்கள். இத்துறையில் பெருஞ்சேதம் விளைவித்த பிழைகள் பலவும், மறுக்க வேண்டிய செய்தியை ஏற்றுக்கொண்ட சாதாரண வரிகளில் இருந்தவைதாம். ஆகவே கோப்புகளை வரிசையாக வாசிக்காமல், வெளியிலிருந்து பைட்டுகள் நுழையும் இடத்தில் தொடங்கி, அவை போகும் வழியெல்லாம் கூடவே செல்லுங்கள்.

2014இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற டிஎல்எஸ் நூலகத்தில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் பிழையைப் பாருங்கள். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் செய்தியில், உள்ளடக்கத்தின் நீளத்தைக் குறிக்க 2 பைட்டுகள் உண்டு. நிரல் அந்த எண்ணை அப்படியே நம்பி, அத்தனை பைட்டுகளை நினைவகத்திலிருந்து நகலெடுத்துத் திருப்பி அனுப்பியது. ஒரே பைட்டை அனுப்பிவிட்டு நீளத்தைப் பெரிதாக எழுதியவருக்கு, ஏறத்தாழ 64 கிலோபைட் வரை நினைவகம் கிடைத்தது. அதில் கடவுச்சொல்லும் இருக்கலாம், சர்வரின் இரகசியச் சாவியும் இருக்கலாம். திருத்தமோ மிகச் சிறியது: செய்தி வகைக்கு 1, நீளத்துக்கு 2, சொல்லப்பட்ட நீளம், நிரப்பலுக்கு 16 ஆகியவற்றின் கூட்டுத்தொகை, உண்மையில் வந்து சேர்ந்ததைவிடப் பெரிதானால் செய்தியைக் கைவிடுவது. எதிர்முனை சொல்லும் ஒவ்வொரு நீளத்துக்கும் இத்தகைய ஒப்பீடு எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட உங்களால் முடிய வேண்டும்.

அடுத்து, செய்திகளின் வரிசை. அடையாளம் சரிபார்க்கப்பட்டுவிட்டது என்று சர்வர் கிளையன்டுக்குச் சொல்ல வேண்டிய செய்தியைக் கிளையன்டே அனுப்பியபோது, தொலைக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் நெறிமுறைக்கான லிப்எஸ்எஸ்எச் நூலகத்தின் சர்வர் பகுதி அதை ஏற்றுக் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே விட்டது. 2018இல்தான் இது வெளிவந்தது. நான் எப்போதும் ஒரு தாளில் கட்டம் போட்டு, இடப்பக்கம் இணைப்பின் நிலைகளையும் மேலே செய்தி வகைகளையும் எழுதிக்கொள்வேன். பெரும்பாலான கட்டங்களில் 'மறு' என்றுதான் வரும். சான்றிதழ்க் கையொப்பத்துக்காகக் காத்திருக்கும் கிளையன்டுக்கு அது வராமல், தொடக்க உரையாடல் முடிந்தது என்னும் 'ஃபினிஷ்ட்' செய்தி வந்தால், உங்கள் நிரல் இணைப்பை முறிக்கிறதா?

நான்ஸ் என்பது ஒரே சாவியோடு இருமுறை பயன்படுத்தக் கூடாத எண். அதைக் கணக்கிடும் எண் பூச்சியமாக்கப்படும் இடங்களையெல்லாம் தேடி, ஒவ்வொன்றிலும் புதிய சாவி வருகிறதா என்று பாருங்கள். 2017இல் டபிள்யூபிஏ2 வைஃபையை உலுக்கிய கிராக் தாக்குதல் இந்த ஓட்டையில்தான் புகுந்தது. இரகசிய மதிப்புகளை, பைட்டுகளை ஒப்பிடும் சி மொழிச் செயற்கூறான மெம்கம்ப் கொண்டு ஒப்பிடும் வரிகளையும் மாற்றச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் நேரமே மதிப்பைக் கசியவிடக்கூடும்.

சோதனைகள் தேறியதைப் பொறுத்தவரை, இரு முனையிலும் அவருடைய நிரலே இயங்கினால், விதியை அவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தாலும் அவை தேறும். ஆர்எஃப்சி 8448 என்ற ஆவணத்தில் உள்ள டிஎல்எஸ் 1.3 மாதிரி உரையாடல்களோடு பைட் பைட்டாக ஒப்பிடச் செய்யுங்கள். பிறகு, கட்டத்தில் 'மறு' என்று எழுதிய ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை எழுதித் தரும்படி அவரிடம் கேளுங்கள்; அவை வரும்வரை ஒப்புதல் தராதீர்கள்.