சி டைப் வந்த பிறகு சார்ஜ் செய்வது எளிதாகிவிட்டதா, குழப்பமாகிவிட்டதா?

காவேரிப்பட்டணத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சார்ஜர், கேபிள் விற்பனையும் உண்டு. என்னைக் கேட்டால் எளிதாகிவிட்டது என்பேன். குழப்பம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பழியை சி டைப் பின்னின் மேல் போடக்கூடாது; கேபிளின் மேல் ஓர் எழுத்துகூட அச்சிடாமல் விற்கிறவர்கள் மேல்தான் போட வேண்டும்.

பழைய கதை பலருக்கு மறந்துவிட்டது. நோக்கியாவிலேயே தடித்த பின், மெல்லிய பின் என்று இரண்டு. பிறகு கடைக்காரர்கள் 'வி8' என்று சொல்லும் மைக்ரோ யூஎஸ்பி. ஐபோனுக்குத் தனியாக லைட்னிங். வி8 பின்னை இருட்டில் தலைகீழாக வைத்து அழுத்தி, உள்ளே இருக்கும் நாக்கை உடைத்துக்கொண்டு வருகிறவர்களால் என் கடைக்கு நல்ல வருமானம் இருந்தது. 2014-இல் வெளியான டைப்-சி எந்தப் பக்கம் வைத்தாலும் சேரும். அந்த வருமானம் போனது, போகட்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புதிய செல்போன்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. ஐபோன் அதற்கு முன்பே, 2023-இல் 15-ஆம் மாடலோடு மாறிவிட்டது.

இப்போது குழப்பத்துக்கு வருகிறேன். இரவில் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள் தலையில் மாட்டும் டார்ச் வாங்குவார்கள். இப்போது வருவதெல்லாம் சி டைப். ஒரு பெரியவர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"தம்பி, இது செத்துப்போய்விட்டது. மகனுடைய சார்ஜரில் ராத்திரி முழுக்கப் போட்டேன், ஏறவே இல்லை."

சார்ஜரையும் கையோடு கொண்டுவந்திருந்தார். நல்ல சார்ஜர், கேபிளின் இரண்டு முனையும் சி. சொருகினேன், டார்ச்சில் சிவப்பு விளக்கு எரியவில்லை. மேசை டிராயரில் கிடந்த பழைய அடாப்டரை எடுத்தேன். தட்டையான பெரிய வாய் உள்ளது, பக்கவாட்டில் மஞ்சள் ஏறியது. அதிலிருந்து ஒரு கேபிளைச் சொருகியதும் விளக்கு எரிந்தது. பெரியவர் டார்ச்சைப் பார்க்கவில்லை, என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"அப்படியென்றால் மகனுடைய சார்ஜர் டூப்ளிகேட்டா?"

"இல்லை ஐயா, சார்ஜர் ஒழுங்கானது. டார்ச்சில்தான் குறை."

விஷயம் இதுதான். பழைய வாய் கொண்ட அடாப்டர், எதிரே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் 5 வோல்ட்டை எப்போதும் தந்துகொண்டே இருக்கும். சி வாய் கொண்ட அடாப்டர் அப்படித் தராது. எதிரே ஒரு சாதனம் இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் மின்சாரத்தைத் திறந்துவிடும். அந்த அடையாளத்தைக் காட்டுவதற்குச் சாதனத்துக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், அதாவது மின்தடைகள், இரண்டு இருக்க வேண்டும். அற்ப விலைதான். மலிவு டார்ச், டிரிம்மர், பொம்மை செய்கிறவர்கள் அதையும் மிச்சம் பிடிக்கிறார்கள். சி பின்னைப் பொருத்திவிட்டு, சி பின்னுக்கு உரியதை உள்ளே வைப்பதில்லை.

அடுத்தது கேபிள். பர்கூர் பொறியியல் கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவர், லேப்டாப்புக்கு 100 வாட் அடாப்டர் வாங்கியும் மெதுவாக ஏறுகிறது என்று வந்தார். அடாப்டரில் பிழை இல்லை. அவர் சொருகியது போனோடு வந்த கேபிள். சாதாரண சி கேபிள் 3 ஆம்பியர் வரைதான், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட். அதற்கு மேல் போக வேண்டுமானால் கேபிளுக்குள்ளேயே ஒரு சின்ன சிப் இருந்து, 'நான் 5 ஆம்பியர் தாங்குவேன்' என்று அடாப்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 2021-இல் வந்த விதிப்படி 240 வாட் வரை போகலாம். இரண்டு கேபிளையும் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கும் வித்தியாசம் தெரியாது. 60 வாட், 240 வாட் என்று கேபிளில் போடுவதற்கு முத்திரையே வகுத்திருக்கிறார்கள். எனக்கு வரும் சரக்கில் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

'லேப்டாப் சார்ஜரைப் போட்டால் போன் வெடித்துவிடுமா?' என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. வெடிக்காது. ஒழுங்கான சி அடாப்டர் முதலில் 5 வோல்ட் மட்டும் தரும். போன் கேட்டால்தான் 9-க்குப் போகும். கேட்காததைத் திணிக்காது.

நிறுவனங்களின் தனி ஏற்பாடுகள் வேறு. ஒப்போ, ஒன்பிளஸ் போன்களின் 'சூப்பர்வூக்' என்ற வேக சார்ஜிங் அதற்கென்று உள்ள அடாப்டரும் கேபிளும் சேர்ந்தால்தான் வரும். சாம்சங்கின் 25 வாட் வேகத்துக்கு, வோல்ட்டைச் சிறிது சிறிதாக மாற்றித் தரும் 'பிபிஎஸ்' என்ற வசதி அடாப்டரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டாலும் ஏறும், மெதுவாக ஏறும். அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுச் சார்ஜரில் போட்டு ஒரு போன் பேசிவிடலாம். வி8 காலத்து ஐபோன்காரருக்கு அதுவும் கிடையாது.

பொதுப் பின் வேண்டாம் என்பவர்களுக்கு எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. ஓசூரில் ஏத்தர் மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள், போச்சம்பள்ளி பக்கம் ஓலா. வீட்டில் இரண்டையும் சாதாரண மூன்று முள் பிளக்கில் போடலாம். வழியில் வேகமாக ஏற்ற வேண்டுமென்றால் ஒன்றின் பிளக் மற்றதில் சேராது. ஏத்தர் உருவாக்கிய பிளக்கை 2023-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒரு தரநிலையாக ஏற்றது. ஹீரோவின் விடா ஸ்கூட்டரும் அதையே பயன்படுத்துகிறது. எல்லோரும் வந்து சேரவில்லை. சி டைப்பைத் திட்டுகிறவர்கள், சார்ஜ் குறைந்த ஸ்கூட்டரோடு தப்பான சார்ஜிங் நிலையத்தில் ஒருமுறை நின்று பார்க்கட்டும்.

வாங்கப் போகிறீர்கள் என்றால், அடாப்டரின் அடியில் பொடி எழுத்தில் உள்ள 'அவுட்புட்' வரியைப் படியுங்கள். 5, 9, 15, 20 வோல்ட் நான்கும் இருந்தால் போன், லேப்டாப் இரண்டுக்கும் ஆகும். லேப்டாப் இருக்கும் வீட்டில் 5 ஆம்பியர் கேபிள் ஒன்று வாங்கி, அதில் மட்டும் ஒரு நூலைக் கட்டி வையுங்கள். பழைய தட்டை வாய் அடாப்டரைக் குப்பையில் போட வேண்டாம்.