வார்டு இல்லாத ஊரில் மேயர் (வாசகர் கேள்வி – பதில்)

போன இதழில் கனடாவின் சர்ரே நகரத்துப் போலீஸ் தகராறு பற்றி நான்கே வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. மகனோ மகளோ அந்தப் பக்கம் குடியேறியவர்கள் எழுதியதுதான் பாதி. மீதிப்பேருக்கு நம் ஊர் நகராட்சி மேல் இருக்கிற ஆதங்கம். அதனால் இந்த முறை முழுக்க அந்த விஷயம்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, லாஸ்பேட்டை: என் மகள் சர்ரேயில் இருக்கிறாள். போலீசை மாற்றுவேன் என்று ஒரு மேயர், மாற்ற விடமாட்டேன் என்று அடுத்த மேயர், இதிலேயே ஆறு வருஷம் போய்விட்டது என்கிறாள். மேயருக்கும் போலீசுக்கும் என்ன சம்பந்தம்?

பணம்தான் சம்பந்தம், அம்மா. இங்கே போலீஸ் மேலே இருக்கிற அரசாங்கத்தின் துறை, மேயரால் ஒரு கான்ஸ்டபிளைக்கூட இடம் மாற்ற முடியாது. சர்ரே இருக்கிற பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 5,000 பேருக்கு மேல் வசிக்கிற ஊர் தன் போலீஸ் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். வான்கூவர், விக்டோரியா மாதிரி சொந்தப் படை வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் ஆர்.சி.எம்.பி. என்கிற மத்திய போலீசை ஒப்பந்தத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் எடுத்தால் பெரிய ஊர்களுக்கு நூற்றில் தொண்ணூறு ரூபாய் ஊர் பணம், பத்து மத்திய அரசுடையது.

சர்ரே சின்ன ஊர் இல்லை, 2021 கணக்கெடுப்பில் 5,68,322 பேர். அதுவரை அங்கே ஒப்பந்தத்தில் இருந்தது ஆர்.சி.எம்.பி.தான். 2018 மேயர் தேர்தலில் டக் மெக்காலம் 'நமக்குச் சொந்தப் படை வேண்டும்' என்று சொல்லி ஜெயித்தார். மன்றம் முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டது, மாகாண அரசும் பிறகு அனுமதி கொடுத்தது, ஆள் எடுத்தார்கள், வண்டி வாங்கினார்கள். 2022 அக்டோபரில் பிரெண்டா லாக், 'பழைய போலீசே இருக்கட்டும்' என்று சொல்லி ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் மெக்காலமைத் தோற்கடித்தார். பாதிப் படை இந்த உடுப்பு, பாதி அந்த உடுப்பு என்று ஒரே தெருவில் இரண்டு போலீஸ், இரண்டுக்கும் சம்பளம் கொடுத்தவர் உங்கள் மகள் மாதிரி வீட்டு வரி கட்டுகிறவர்கள். 2023 ஜூலையில் மாகாணம் குறுக்கிட்டு மாற்றத்தைத் தொடரச் சொன்னது, நகரம் வழக்குப் போட்டது, 2024 மே மாதம் வழக்கு தள்ளுபடி, அப்புறம் பத்து வருஷத்தில் 25 கோடி டாலர் வரை தருவதாகச் சமரசம். 2024 நவம்பர் 29 அன்று சர்ரே போலீஸ் சர்வீஸ் என்ற அந்தச் சொந்தப் படை ஊர்ப் பொறுப்பை ஏற்றது.

லாக் செய்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லி ஓட்டுக் கேட்டார், கிடைத்தது, சொன்னதைச் செய்யப் பார்த்தார். என் கோபம் வேறு. இவ்வளவு பெரிய மாற்றத்தை 2018-லேயே மக்களிடம் தனியாக ஒரு கேள்வியாக வைத்து ஓட்டு எடுத்திருந்தால் இந்த அலைச்சல் இல்லை.

மளிகைக் கடைக்காரர், திருப்பாதிரிப்புலியூர்: கடலூர் மாநகராட்சியில் 45 வார்டு. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் எந்தக் கவுன்சிலர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வான்கூவரில் வார்டே கிடையாது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அப்படி ஒரு ஊர் எப்படி நடக்கும்?

நடக்கிறது, ஆனால் நீங்கள் கேட்கிற அந்த வாசல் அங்கே இல்லை. ஆறரை லட்சம் பேருக்கு மேல் இருக்கிற வான்கூவரில் ஒரு மேயர், பத்துக் கவுன்சிலர். பத்துப் பேரும் மொத்த ஊருக்கும் பொது. 2022 தேர்தலில் மேயருக்கு 15 பேர், கவுன்சிலுக்கு 59 பேர், பூங்கா வாரியத்துக்கும் பள்ளி வாரியத்துக்கும் சேர்த்து இன்னொரு அறுபத்துச் சொச்சம் பேர், எல்லார் பெயரும் ஒரே வாக்குச்சீட்டில். பெயர்கள் அகர வரிசையில்கூட இல்லை, குலுக்கல் வரிசை. அந்த 59 பெயரில் பத்தைத் தேடிப்பிடித்துக் கறுப்பாக்க வேண்டும். வேலை முடிந்து பசியோடு வருகிறவர் என்ன செய்வார்? தெரிந்த ஒரு கட்சிப் பெயரைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசை முழுக்கப் போடுவார். அந்த வருஷம் அதுதான் நடந்தது. ஏ.பி.சி. என்ற கட்சி நிறுத்திய ஏழு பேரும் ஜெயித்தார்கள், அவர்கள் மேயர் வேட்பாளர் கென் சிம்மும் ஜெயித்தார். நூறு பேரில் 36 பேர்தான் ஓட்டுப் போட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முன்னே அங்கேயும் வார்டு இருந்தது. 1935-ல் மக்கள் ஓட்டெடுப்பு வைத்து எடுத்துவிட்டார்கள். 2004 அக்டோபரில் மறுபடி கேட்டபோதும் 54 சதவீதம் பேர் வார்டு வேண்டாம் என்றார்கள். வார்டு வந்தால் ஒவ்வொருவரும் தன் தெருவை மட்டும் பார்ப்பார், ஊரை யார் பார்ப்பது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை, நம் ஊரில் ஒரு வார்டு எல்லையோடு நின்றுபோன சாலைகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

ஆனாலும் நான் வார்டு பக்கம்தான். காரணம் சொல்கிறேன். 1960-களின் கடைசியில் வான்கூவர் நடுவே பெரிய நெடுஞ்சாலை போடத் திட்டம் போட்டார்கள், அது சீனர்கள் வாழ்ந்த சைனாடவுன், ஸ்ட்ராத்கோனா பகுதிகளின் ஊடே போவதாக இருந்தது. சனங்கள் தெருவில் இறங்கி எதிர்த்ததால் முழுச் சாலை வரவில்லை. ஆனால் அதன் ஒரு துண்டாக, ஜார்ஜியா மேம்பாலம் 1970-களின் தொடக்கத்தில் வந்தேவிட்டது, அதற்காக ஹோகன்ஸ் ஆலி என்ற கறுப்பினத்தவர் குடியிருப்பு இடிபட்டது. அவர்களுக்கென்று மன்றத்தில் ஒரு கவுன்சிலர் இருந்திருந்தால் பாலம் நின்றிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஓட்டெடுக்கும் முன் எழுந்து நின்று 'இது என் சனங்கள் வீடு' என்று சொல்ல ஒருவர் இருந்திருப்பார். உங்கள் கடையிலிருந்து கவுன்சிலர் வீடு எத்தனை தூரமோ, அந்தத் தூரம் குறைவாக இருப்பதுதான் உள்ளாட்சி.

கல்லூரி மாணவர், முத்தியால்பேட்டை: அங்கே மேயர்கள் எந்தக் கட்சி? லிபரலா, கன்சர்வேட்டிவா?

இரண்டும் இல்லை. நாடாளுமன்றத்துக்கும் மாகாணச் சட்டசபைக்கும் போட்டியிடுகிற கட்சிகளில் பசுமைக் கட்சி மட்டும்தான் அந்தப் பெயரில் நகரத் தேர்தலுக்கு வருகிறது. பாதிப்பேர் சுயேச்சை, மீதிப்பேர் ஊருக்குள் மட்டும் வாழ்கிற கட்சிகள். வான்கூவரில் 1937-ல் இடதுசாரிகளைத் தடுக்க வணிகர்கள் தொடங்கிய என்.பி.ஏ. பல பத்தாண்டுகள் ஊரை ஆண்டது, 1968-ல் தொழிலாளர், வாடகைக்குடியினர் பக்கம் நின்று சி.ஓ.பி.இ. வந்தது, 2008-லிருந்து பத்து வருஷம் விஷன் வான்கூவர் கட்சியின் கிரெகர் ராபர்ட்சன் மேயர். இன்று விஷன் மன்றத்தில் இல்லவே இல்லை. நகரக் கட்சிகள் அப்படித்தான், ஒரு தலைமுறைக்குள் முளைத்து மறைந்துவிடும். ஆனால் ஆட்கள் மேலே போகிறார்கள். மைக் ஹார்கோர்ட், கார்டன் கேம்ப்பெல் இருவரும் வான்கூவர் மேயராக இருந்து பின்னால் மாகாண முதல்வர் ஆனவர்கள். ராபர்ட்சன் 2025-ல் மத்திய வீட்டுவசதி அமைச்சர் ஆனார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கே மேயருக்கு மன்றத்தில் ஒரு ஓட்டுதான். 2018-ல் சுயேச்சையாக 957 ஓட்டில் கென் சிம்மை வென்ற கென்னடி ஸ்டூவர்ட்டுக்குப் பின்னால் ஒரு கவுன்சிலர்கூடச் சொந்தம் இல்லை, நான்கு கட்சிகளிடம் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் பேசிப் பேசி ஆறு ஓட்டு சேர்க்க வேண்டியிருந்தது. அடுத்து வந்த கென் சிம்முக்குப் பதினொன்றில் எட்டு. ஒரே நாற்காலி, ஒரே சட்டம், ஆனால் இருவருக்கும் இருந்த பலம் ஒன்றல்ல.

இல்லத்தரசி, நெல்லிக்குப்பம்: பெண் மேயர்கள் உண்டா?

சர்ரேயில் 2005-லிருந்து டயான் வாட்ஸ், லிண்டா ஹெப்னர், 2022-ல் பிரெண்டா லாக். விக்டோரியாவில் லிசா ஹெல்ப்ஸ், அவருக்குப் பின் மரியான் ஆல்டோ. ஆனால் வான்கூவரில் 1886-ல் தொடங்கி 2022 தேர்தல் வரைக்கும் ஒரு பெண்கூட மேயர் ஆனதில்லை. கடலூர் 2021-ல் மாநகராட்சி ஆனது, 2022-ல் வந்த முதல் மேயரே ஒரு பெண். இட ஒதுக்கீட்டால்தானே என்று சிலர் இழுப்பார்கள். ஆமாம், அதனால்தான். அதற்காகத்தான் ஒதுக்கீடு.

பெயர் வேண்டாம், அரியாங்குப்பம்: என் தம்பி வான்கூவரில் படிக்கப் போகிறான், அங்கே ஓட்டுப் போடலாமா?

முடியாது. 18 வயதும், கனடா குடியுரிமையும், மாகாணத்தில் ஆறு மாதம் வசித்ததும் வேண்டும். நிரந்தரக் குடியிருப்பு அட்டை மட்டும் போதாது.

மீனவர், தேவனாம்பட்டினம்: ஊர்க் கழிவெல்லாம் கடலுக்குத்தான் வருகிறது. கேட்டால் 'வெளிநாட்டைப் பார், எவ்வளவு சுத்தம்' என்கிறார்கள். அங்கே கடலில் விடமாட்டார்களா?

விட்டார்கள், அதுவும் மாகாணத் தலைநகரமே விட்டது. விக்டோரியாவும் சுற்றியுள்ள ஊர்களும் கட்டை குப்பையை மட்டும் சல்லடையில் வடித்துவிட்டு, மிச்சக் கழிவைச் சுத்திகரிக்காமல் 2020 கடைசி வரைக்கும் குழாய் வழியே கடலில்தான் கொட்டின. எதிர்க்கரையில் இருக்கிற அமெரிக்கர்கள் வருஷக்கணக்காகச் சண்டை போட்டார்கள். சுத்திகரிப்பு நிலையம் கட்டச் சொல்லி 2006-ல் மாகாணம் உத்தரவிட்டது. ஏழு உள்ளாட்சிகள் சேர்ந்து கட்ட வேண்டும், எல்லாருக்கும் நிலையம் வேண்டும், யாருக்கும் தன் ஊரில் வேண்டாம். 2014-ல் இடம் பார்த்திருந்த எஸ்குவிமால்ட் என்ற சின்ன நகராட்சி அனுமதி மறுத்ததும் திட்டம் அப்படியே நின்றது. பிறகு அதே மெக்லாக்லின் முனையில், 77.5 கோடி டாலரில் கட்டி முடித்தார்கள்.

பதினான்கு வருஷம் ஆகியிருக்கிறது. அதற்காக இங்கேயும் ஆறப்போடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அங்கே தாமதத்துக்கு யார் காரணம் என்று எந்தக் கூட்டத்தில் எவர் எப்படி ஓட்டுப் போட்டார் என்பது வரைக்கும் பதிவில் இருக்கிறது. உங்கள் கரையில் விழுகிற கழிவுக்குப் பொறுப்பு எந்த அலுவலகம் என்று எழுத்தில் கேளுங்கள், பதிலும் எழுத்தில் வாங்குங்கள்.

தபால் ஊழியர், பண்ருட்டி: இந்தியர்கள் யாராவது அந்தப் பக்கம் மேயர் ஆனார்களா?

முதலில் பழசைச் சொல்ல வேண்டும். 1907-ல் பிரிட்டிஷ் கொலம்பியா இந்தியர்களின் ஓட்டுரிமையைப் பறித்தது. 1914 மே 23 அன்று கோமகதா மாரு கப்பல் 376 பேரோடு வான்கூவர் துறைமுகத்துக்கு வந்தபோது, இரண்டு மாதம் தண்ணீரிலேயே நிறுத்தி, பெரும்பாலானவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அன்றைய மேயர் டிரூமன் பாக்ஸ்டர் அவர்களை இறக்கக் கூடாது என்று கூட்டம் போட்டவர். அதே நகர மன்றம் 2021-ல் அதற்காக முறைப்படி மன்னிப்புக் கேட்டது.

மாகாண ஓட்டுரிமை 1947-ல் திரும்பி வந்தது. மூன்றே வருஷத்தில், 1950-ல், மரத்தொழில் செய்த நரஞ்சன் சிங் கிரேவால் மிஷன் என்ற சிற்றூரின் மன்றத்துக்கு ஜெயித்து, 1954-ல் அதன் தலைவரும் ஆனார். 1972-ல் கர்நாடகத்தில் பிறந்த நகரத் திட்டப் பேராசிரியர் செட்டி பெண்டகூர் வான்கூவர் கவுன்சிலர் ஆனார். ஓட்டே இல்லாதிருந்தவர்கள் மூன்று வருஷத்தில் ஊர் மன்றத்தில் உட்கார்ந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

ஆட்டோ ஓட்டுநர், வில்லியனூர்: கனடா கதையெல்லாம் சரி சார். புதுச்சேரிக்கு மேயர் எப்போது?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்றதை எல்லாம் எழுதினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1880-லேயே நமக்குக் கொம்யூன் என்கிற உள்ளாட்சிகளும் அவற்றுக்கு மன்றங்களும் வந்துவிட்டன. மேயர் என்ற சொல் நமக்குப் புதிதே இல்லை, கடற்கரையில் நிற்கிற மேரி கட்டடத்தின் பெயரே அதுதான், பிரெஞ்சில் மேரி என்றால் மேயர் அலுவலகம். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் இந்தியாவோடு சேர்வதா என்று ஓட்டுப் போட்ட 178 பேரில் நகராட்சி உறுப்பினர்களும் உண்டு, 170 பேர் சேர வேண்டும் என்றார்கள். நாடு எது என்பதையே முடிவு செய்த மன்றங்கள் அவை.

அதற்குப் பிறகு 1968-ல் ஒரு தேர்தல், அடுத்தது 38 வருஷம் கழித்து 2006-ல். அப்போது வந்தவர்களின் காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் தேதி அறிவித்தும் வழக்குகளால் நின்றுபோனது. பத்து வருஷத்துக்கும் மேலாக அதிகாரிகள்தான் எல்லாம். எங்கள் தெரு வாய்க்காலுக்கு நான் மூன்று மழைக்காலம் மனு கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொண்ட அதிகாரிகள் மூவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள், மூவரும் இடம் மாறிப் போய்விட்டார்கள், வாய்க்கால் அப்படியே இருக்கிறது. அவர்களை என்னால் தோற்கடிக்க முடியாது.

2025 ஏப்ரல் 5 அன்று வான்கூவரில் காலியான இரண்டே இரண்டு கவுன்சிலர் இடத்துக்கு இடைத்தேர்தல் நடந்தது. வாக்குச்சாவடிகள் குறைவு, வரிசை தெருவைச் சுற்றிப் போனது, மணிக்கணக்காக நின்று ஓட்டுப் போட்டார்கள், ஆளும் ஏ.பி.சி. கட்சி இரண்டு இடத்திலும் தோற்றது.

2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த மேரி கட்டடத்தைப் பழைய அச்சிலேயே மறுபடி கட்டி 2021-ல் திறந்துவிட்டார்கள். கட்டடம் தயார். வில்லியனூர் கொம்யூனுக்கும் தேர்தல் வரும்போது சொல்லுங்கள், உங்கள் ஆட்டோவிலேயே வந்து வரிசையில் நிற்கிறேன்.