பாட்டுக் கேள்வி: பிள்ளைகள் போட்ட முதல் எல்பி

கேள்வி: டெஹானோ, அதாவது டெக்சாஸில் வாழும் மெக்சிகோ வம்சாவளியினரின் இசை, பாடிய செலீனாவின் குடும்பக் குழு போட்ட முதல் எல்பி இசைத்தட்டு விற்கவே இல்லையாமே? ஸ்பானிஷ் பேசத் தெரியாமலே பாடினார் என்றும் படித்தேன். அதை இன்று தேடிக் கேட்பதில் என்ன இருக்கிறது?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: இரண்டும் உண்மைதான். ஆனாலும் தேடிக் கேளுங்கள் அம்மா. பாட்டை முதலில் விடுங்கள். பேஸ் கிடாரையும் டிரம்ஸையும் மட்டும் கவனியுங்கள். நான் பதினாறு வருடம் கல்யாண ரிசப்ஷன் மேடைகளில் கீபோர்டு வாசித்தவன். ஆடுகிறவர்களின் காலைப் பார்த்துப் பார்த்து வாசித்த கைகளை எனக்கு அடையாளம் தெரியும்.

அந்தப் பேஸ் கிடார் அண்ணன் ஏ.பி.யுடையது, டிரம்ஸ் அக்கா சூசெட். பெண் பிள்ளைக்கு டிரம்ஸா என்று ஆரம்பத்தில் கூச்சப்பட்டவர் அவர். அப்பா ஆபிரகாம் டெக்சாஸின் லேக் ஜாக்சன் என்ற ஊரில் ஓர் உணவகம் திறந்தார். பிள்ளைகள் அங்கே வாசித்தார்கள். பொருளாதாரம் சரிந்து கடை மூடியது, வீடும் போனது. கார்பஸ் கிறிஸ்டிக்குக் குடிபெயர்ந்தார்கள். அப்புறம் கல்யாணம், பெண்களின் பதினைந்தாவது பிறந்தநாள் விழா, தெருமுனை என்று எங்கே கூப்பிட்டாலும் பழைய பஸ்ஸில் ஏறிப் போய் வாசித்தார்கள். அடுத்த வேளைச் சாப்பாடு அதில்தான் இருந்தது. 1984-இல் கார்பஸ் கிறிஸ்டியின் ஃப்ரெடி ரெக்கார்ட்ஸ் நிறுவனம் 'மிஸ் பிரிமேராஸ் கிராபசியோனெஸ்' எல்பியை வெளியிட்டது. 'என் முதல் ஒலிப்பதிவுகள்' என்று பொருள். செலீனா பிறந்தது 1971 ஏப்ரல். வயதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் பிள்ளைகள் வளர்ந்தது ஆங்கிலத்தில். அப்பாதான் ஸ்பானிஷ் வரிகளை உச்சரிப்போடு சொல்லிக் கொடுத்தார். அவர் பட்ட பாடு அப்படி. இளம் வயதில் 'லாஸ் டினோஸ்' என்ற குழுவில் ஆங்கிலப் பாட்டுப் பாடியவர் அவர். மெக்சிகோ வம்சாவளி ரசிகர்கள் தங்கள் மொழியில், ஆடுவதற்குத் தோதான பாட்டைத்தான் கேட்டார்கள். குழுவும் ஸ்பானிஷுக்குத் திரும்பியது. பிள்ளைகளின் குழுவுக்கும் அவர் அதே பெயரை வைத்தார். செலீனா கிளிப்பிள்ளைபோல ஒப்பித்தார் என்று சிலர் எழுதும்போது எனக்கு மனசு வலிக்கிறது. அர்த்தம் வருவதற்கு முன் ஓசை வருவதுதானே குழந்தைக்கு இயல்பு? வரி முடியும் இடத்தில் அந்த உயிரெழுத்தை எவ்வளவு நேரம் தாங்குகிறார் என்று கேளுங்கள். பாட்டுகள் எல்லாமே பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். குரல் மட்டும் அப்போதே முழுசாக வந்துவிட்டது.

மற்றது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1987-இல் டெஹானோ விருதுகளில் சிறந்த பாடகி, 1994-இல் கிராமி, 1995 மார்ச் 31-இல் கொலை. இருபத்து நான்கு வயதுகூட ஆகவில்லை. அந்த முடிவை மனதில் வைத்துக்கொண்டு முதல் எல்பியைக் கேட்காதீர்கள். அதைப் பாடிய சிறுமிக்கு அதெல்லாம் தெரியாது.

கேள்வி: அந்த ஊர் இசைக்குள் அக்கார்டியன் எப்படி வந்தது?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: டெக்சாஸில் குடியேறிய ஜெர்மானியர்களும் செக் மக்களும் போல்கா ஆட்டத்தோடு கொண்டுவந்தது. பக்கத்தில் இருந்த மெக்சிகோ வம்சாவளியினர் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 1930-களில் அக்கார்டியன் கலைஞர் நார்சிஸோ மார்ட்டினெஸ் ஒரு காரியம் செய்தார். அடிச்சுருதி தரும் இடது கைப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, வலது கையால் மெட்டை மட்டும் விறுவிறுவென்று வாசித்தார். அடிச்சுருதியையும் தாளத்தையும் பன்னிரண்டு தந்தி கொண்ட, கிடார் போன்ற 'பஹோ செக்ஸ்டோ'வில் சாந்தியாகோ அல்மெய்தா பார்த்துக்கொண்டார். அவர்கள் இருவரின் பழைய பதிவுகள் கிடைத்தால் ஹெட்போன் போட்டு, அந்தத் தந்தி வாத்தியத்தை மட்டும் ஒருமுறை பின்தொடர்ந்து பாருங்கள்.