குளியலறைக் கேள்விகள்: தரையை மூடுவதற்கு முன்

கேள்வி: கீழ்த்தளத்து சீலிங்கில் ஈரம் படர்கிறது. பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டிவிட்டால் நின்றுவிடுமா?

நிற்காது. டைல்ஸும், அதன் இடைவெளியை நிரப்பும் கிரவுட்டும் தண்ணீரைத் தடுப்பதில்லை. அடியில் இருக்கும் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சுதான் தடுக்கிறது. அது போய்விட்டதால்தான் ஈரம். உடைத்தே ஆகவேண்டும்.

கேள்வி: பூச்சைச் சுவரில் எவ்வளவு உயரம் ஏற்ற வேண்டும்?

ஷவர் இருக்கும் சுவர்களில் ஷவர் தலையைத் தாண்டி, ஏறக்குறைய 7 அடி. மற்றச் சுவர்களில் 1 அடி. தரையும் சுவரும் சேரும் மூலையைக் கலவையால் உருட்டி, மெஷ் பட்டை பதித்துப் பூசச் சொல்லுங்கள். குழாய் தரையைத் துளைக்கும் இடங்களிலும் அப்படியே. பெரும்பாலும் அங்கேதான் ஒழுகும். முதல் கோட் நெடுக்காக என்றால் இரண்டாவது குறுக்காக.

கேள்வி: தண்ணீர் கட்டிப் பார்க்க ஒரு மணி நேரம் போதும் என்கிறார் மேஸ்திரி.

போதாது. பூச்சு நன்றாகக் காய்ந்தபின் டிரெய்னை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து, 24 மணி நேரமாவது விடுங்கள். 48 என்றால் இன்னும் நல்லது. கீழே போய் சீலிங்கையும் கையால் தொட்டுப் பாருங்கள். தரையை மூடுவதற்கு முன் சோதியுங்கள். மூடியபின் சோதித்தால் மறுபடி உடைக்கத்தான் வேண்டும்.

கேள்வி: கீசரைப் போட்டால் ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துகொண்டே இருந்தது. எலெக்ட்ரீஷியன் அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துக் கொடுத்தார். இப்போது தொல்லை இல்லை. சரிதானே?

சரியில்லை. இதைப் படித்ததும் முதல் வேலையாகக் கீசரின் மெயினை அணையுங்கள். யாரும் அதில் குளிக்கக் கூடாது.

இந்தக் கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஆர்.சி.சி.பி. தொல்லை கொடுக்கவில்லை, கசிவு இருப்பதைச் சொன்னது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிப்பதுதான் அதன் வேலை. ஒயரில் அளவுக்கு மீறி மின்சாரம் போனால் துண்டிக்கும் எம்.சி.பி. இருக்கிறதே என்பீர்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி. தன் அளவைத் தாண்டும்வரை சும்மா இருக்கும். அது அந்த 30 மில்லி ஆம்பியரைப்போல் 500 மடங்கு. ஈரத்தோலோடு நிற்கும் மனிதனைக் கொல்ல அதில் சிறு பங்கே போதும். எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது.

இதே புகாரோடு வந்த ஒரு கீசரை நான் கழற்றிப் பார்த்தேன். எலிமென்ட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. சுரண்டியபோது உறையில் முடியளவு விரிசல். அந்த வழியே உள்ளிருக்கும் மின்காப்புப் பொடிக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. எலிமென்ட்டை மாற்றினோம், அப்புறம் ஆர்.சி.சி.பி. விழவில்லை. உங்கள் வீட்டிலும் மெக்கர் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்து எலிமென்ட்டையும் ஒயரையும் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். பழுதை நீக்கி ஆர்.சி.சி.பி.யைத் திரும்ப மாட்டிய பிறகே கீசரைப் போடுங்கள். அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லை என்றால் மாற்றுங்கள்.

கேள்வி: கீசருக்கு என்ன ஒயர் போடலாம்?

எத்தனை வாட் என்று எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? 3000 வாட் என்றால் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர். தனி சர்க்யூட், 4 சதுர மி.மீ. செம்பு ஒயர். 2000 வாட்டுக்கு 2.5 போதும். எர்த் ஒயரும் கூடவே போகவேண்டும்.

கேள்வி: எர்த் இல்லை. தண்ணீர்க் குழாயில் கட்டிவிடலாமா?

கூடவே கூடாது. பிளாஸ்டிக் குழாய் என்றால் எர்த்தே கிடைக்காது. இரும்புக் குழாய் என்றால், கசிவு வரும்போது வீட்டில் உள்ள எல்லாக் குழாயிலும் ஷாக் அடிக்கலாம். முறையான எர்த் போட்ட பிறகு கீசர் வாங்குங்கள்.

கேள்வி: ஷவருக்கு மேலே விளக்கு, பக்கத்தில் சுவிட்ச் வைக்கலாமா?

சுவிட்ச் குளியலறைக்கு வெளியே. விளக்கு வைக்கலாம்: 12 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மர் வெளியே, குறைந்தது ஐ.பி.எக்ஸ்.4 தரம் (எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்குவது). ஒயருக்கான பைப்பைப் பூச்சுக்கு முன்பே பதித்துவிடுங்கள். பூச்சு முடிந்தபின் சுவரை வெட்ட யாரையும் விடாதீர்கள்.

கேள்வி: கண்ணாடித் தடுப்புக்குத் தரையில் துளை போட்டுவிட்டார்கள். பரவாயில்லையா?

பூச்சையும் சேர்த்துத் துளைத்திருப்பார்கள். ஸ்க்ரூவைக் கழற்றி, துளையை நன்றாகக் காயவிட்டு, சீலன்ட் நிரப்புங்கள். சட்டத்தைத் துளையில்லாமல் சிலிக்கானில் ஒட்டிக்கொள்ளலாம். பிறகு மறுபடி தண்ணீர் கட்டிப் பாருங்கள், 24 மணி நேரம்.