பழைய பாக்கியும் புது வாழ்வும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: இரண்டு வருஷம், பிடிக்கவும் விற்கவும் தடையுள்ள கடல் அட்டையை வாங்கி, அவித்துக் காயவைத்துக் கைமாற்றிவிட்டேன். போன தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்ததோடு அதை விட்டுவிட்டேன். ஆனால் அந்தக் காசில் எடுத்த மாடி அப்படியே நிற்கிறது. வியாபாரியிடம் வாங்கிய முன்பணமும் பாக்கி. ‘காசு இல்லையென்றால் சரக்காகக் கொடு’ என்கிறார். மன்னிப்பு கிடைத்த பிறகும் ஏன் நெஞ்சு அடித்துக்கொள்கிறது?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், தங்கச்சிமடம்

பதில்: மன்னிப்பு கிடைத்துவிட்டது, அதில் சந்தேகமே வேண்டாம். அதே பாவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவும் தேவையில்லை. ஆனால் பாவம் உண்டாக்கிய சேதத்தைச் சரிசெய்யும் கடமை மன்னிப்போடு தீர்ந்துபோவதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 1459ஆம் எண்ணில் இதை நேராகவே சொல்கிறது. உங்களை அரிப்பது அந்த மிச்சம்.

ஒரு நோட்டை எடுத்து, யாருக்கு என்ன தர வேண்டும் என்று ஆள் ஆளாக எழுதுங்கள். முதலில் உங்களுக்காகக் கடலில் முங்கி அட்டை எடுத்தவர்கள். கூலி பாக்கி இருந்தால் அதுதான் முதல் கடன். உங்கள் சரக்கோடு பிடிபட்டு யாராவது உள்ளே போயிருந்தால் அவர் வீட்டு அடுப்பும் உங்கள் கணக்கில்தான் வரும். வரி வசூலித்துப் பணக்காரரான சக்கேயு தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பியும் தருவதாகச் சொன்னார் (லூக்கா 19:8). லேவியர் புத்தகச் சட்டம் கேட்டது முதலும் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும்தான். நாலு மடங்கு உங்களால் முடியாவிட்டால் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுப்பதிலிருந்து தொடங்கலாம்.

கடலில் இருந்து எடுத்ததற்கு உரிமையாளர் என்று ஒருவர் இல்லை. அந்த லாபத்தின் பங்கு ஏழைகளுக்குப் போக வேண்டும். வீட்டை இடிக்க வேண்டாம். மாதம் எவ்வளவு, எத்தனை வருஷம் என்று பங்குத்தந்தையோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: மொத்தமாகத் தூக்கித் திருவிழாத் தேருக்கோ கொடிமரத்துக்கோ உபயம் என்று கொடுக்காதீர்கள். பேர் உங்களுக்கு வரும், முங்கினவனின் கூலி நின்றபடியே நிற்கும்.

முன்பணம் கடன்தான், கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் காசாக மட்டும் கட்டுங்கள். ‘இந்த ஒரு தடவை சரக்காக’ என்று ஒப்புக்கொண்டால் பழைய தொழிலுக்குள் மறுபடி கால் வைத்த மாதிரிதான். தவணையை எழுதி வாங்குங்கள். பணம் கொடுக்கப் போகும்போது பங்குப் பேரவையில் ஒருவரைக் கூட்டிப் போங்கள், வியாபாரியின் கொட்டகைக்குத் தனியாகப் போகாதீர்கள். வட்டி அநியாயமாக ஏறியிருந்தால் 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. மிரட்டல் வந்தாலோ, பழைய வழக்கு ஏதும் நின்றாலோ மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். தொலைபேசி 15100.

வீட்டில் மிச்சச் சரக்கு கிடக்கிறதா? ‘இருப்பதைத் தள்ளிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்’ என்பதில்தான் பலர் மாட்டுகிறார்கள். கடல் அட்டை 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வைத்திருப்பதே குற்றம், தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுவரை சிறை. எபேசு நகரத்தில் மந்திரத் தொழிலை விட்டவர்கள் தங்கள் சுவடிகளின் விலையைக் கணக்குப் பார்த்தார்கள். ஐம்பதாயிரம் வெள்ளிக் காசு வந்தது. அப்படியும் விற்கவில்லை, எரித்தார்கள் (திருத்தூதர் பணிகள் 19:19). சரக்கை எப்படி ஒப்படைப்பது என்று வழக்கறிஞரிடம் கேட்டுச் செய்யுங்கள். அவிக்கிற அண்டாவையும் வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள். அது கண்ணில் படும்வரை கை சும்மா இருக்காது.

இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிறவர் என்றால் 61 நாள் வருமானம் இல்லை. பழைய ஆள் போன் பண்ணுவது அப்போதுதான். கூட்டிப் பெருக்கி வெறுமையாக விட்ட வீட்டுக்கு, போன ஆவி ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்ததாக இயேசு சொன்னார் (மத்தேயு 12:43–45). மார்ச்சிலேயே வேறு வேலை பார்த்து வையுங்கள். மண்டபம், பாம்பன் பக்கம் மிதவையில் வளர்க்கும் கடல்பாசி சுமார் 45 நாளில் அறுவடைக்கு வந்துவிடும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் பெரிய வெள்ளியன்று பீடத்துக்கு முன்னால் ‘இனிக் குடிக்க மாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்தார். மூன்றாம் நாள் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, சுவரில் பூச்சி ஓடுகிறது என்றார். ஜெபக்குழுவில் ‘பழைய ஆவி போக மறுக்கிறது, ஜெபித்தால் போதும்’ என்றார்கள். பயந்துபோய் நானே கொஞ்சம் வாங்கிக் கொடுத்துவிட்டேன். பாவமா?
– ஒரு சகோதரி, மூக்கையூர்

பதில்: பாவமில்லை, அம்மா. நீங்கள் பயந்ததில் அர்த்தம் இருக்கிறது. அது ஆவி இல்லை. நாள்தோறும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கமும் வேர்வையும் வரும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் ஆள் தெரியாமல் உளறுவதும் இல்லாததைப் பார்ப்பதும் வரலாம். அந்தக் கட்டம் உயிரையே எடுக்கும்.

ஆகவே அடுத்த முறை வீட்டில் நிறுத்த வேண்டாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போய், தினம் எவ்வளவு, கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததா என்ற மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். சில நாள் மருந்தும் பி1 வைட்டமினும் கொடுத்துப் பாதுகாப்பாக இறக்குவார்கள். முதலில் பேசிப் பார்க்க அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம். ஜெபக்குழு அந்த நாட்களில் ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றித் துணைக்கு இருந்தால் அதுவும் ஜெபம்தான்.

யாராவது ‘குடியை மறக்க’ என்று மாத்திரை தந்து குழம்பில் கலக்கச் சொன்னால் கேட்காதீர்கள். தெரியாமல் அதன் மேல் குடித்தால் வாந்தி, மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம் இறங்குதல் என்று மரணம்வரை போகலாம்.

மருந்து முடிந்த பிறகுதான் உண்மையான வேலை. கரையில் பங்கு பிரித்த கையோடு பணம் உங்கள் கைக்கு வரட்டும், அவரிடம் டீச் செலவுக்கு மட்டும். கடலில் பாட்டில் கொண்டுபோகும் ஆட்கள் என்றால் வேறு படகு பாருங்கள், கூலி கொஞ்சம் குறைந்தாலும் சரி. மறுபடி விழுந்தால் வெட்கப்பட்டுக் கோயிலுக்கு வராமல் இருந்துவிடுவார். அந்த வாரமே கூட்டி வாருங்கள்.

கேள்வி: ஓரியூரில் மறைசாட்சி புனித அருளானந்தர் கதையைக் கேட்கும்போதெல்லாம் ஒரு நெருடல். மறவர் தலைவர் தடியத்தேவர் அவரிடம் மறைக்கல்வி பெற்றுத் திருமுழுக்குப் பெற்றதும் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினாரே, அந்தப் பெண்களின் கதி? புது வாழ்வு என்று சொல்லி மனிதர்களைத் தள்ளிவிடலாமா?
– கல்லூரி மாணவி, தொண்டி

பதில்: சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவர் முறையிட்டதில் தொடங்கியதுதான் அருளானந்தரின் கைது. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டது. பிரசங்கங்களில் வெட்டிய வாளும் அவர் ரத்தத்தால் சிவந்ததாகச் சொல்லும் செம்மண்ணும் வரும், அந்தப் பெண்கள் வருவதில்லை. அது நம் குறை.

இன்றைய திருச்சபைச் சட்டம் உங்கள் கேள்வியை எடுத்துக்கொண்டிருக்கிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1148ஆம் சட்டப்படி, பல மனைவியர் உள்ளவர் திருமுழுக்குப் பெற்றால் ஒருவரோடு வாழலாம். ஆனால் விலக்கப்பட்ட மற்றவர்களுக்கு நீதிப்படி வாழ்வுக்கு வழி செய்யப்படுகிறதா என்று ஆயர் பார்த்தாக வேண்டும். விட வேண்டியது தவறான உறவு நிலையை. சோறு, வீடு, பிள்ளைகளின் படிப்பு என்ற பொறுப்பு விட்டவர் தலையிலேயே நிற்கிறது. ‘நான் இப்போது விசுவாசி’ என்று சொல்லிப் பழைய குடும்பத்துக்குக் காசு அனுப்புவதை நிறுத்துகிறவருக்கு இதை எடுத்துக் காட்டுங்கள்.

கேள்வி: படகில் எல்லாரும் கெட்ட வார்த்தையில்தான் பேசுவோம். திருமுழுக்குப் பெற்று ஆறு மாதமாகியும் என் வாய் மாறவில்லை. பழைய நண்பர்களை விட்டுவிடட்டுமா?
– இளைஞர், பாம்பன்

பதில்: வேண்டாம். இயேசு கூப்பிட்டு மத்தேயு சுங்கச்சாவடியை விட்டு எழுந்ததும் செய்த முதல் காரியம் பழைய கூட்டாளிகளைக் கூப்பிட்டு விருந்து வைத்ததுதான். வலை சிக்கும்போது வருகிற வார்த்தையைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்படாதீர்கள், அது வாயில் ஊறிப்போனது, நாளாகும். ஆளைப் பார்த்து, அவன் அம்மாவை இழுத்துத் திட்டுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். தவறிச் சொல்லிவிட்டால் கரைக்கு வருமுன் அவனிடமே ‘தப்புடா’ என்று சொல்லிவிடுங்கள். இரண்டு மூன்று தடவை அப்படிக் கேட்க நேர்ந்தால் வாய் தானாக யோசிக்கும். கிண்டல் பண்ணுவார்கள், பண்ணட்டும்.